உலகப் போர்களும் பிரிட்டன் பெண்களின் வேலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு உலகப் போர்கள்தாம் பிரிட்டன் பெண்களை வீட்டிலிருந்து ஆலைக்கும் வாக்குச்சாவடிக்கும் அழைத்து வந்தன என்று ஒற்றை வரியில் படித்திருப்போம். அந்த வரியில் உண்மை உண்டு. ஆனால் ஆலையின் கதவு எந்த நிபந்தனையின் பேரில் திறந்தது, என்ன கூலி கொடுக்கப்பட்டது, போர் ஓய்ந்ததும் யார் வெளியேற்றப்பட்டார்கள் என்பவை அதில் இடம்பெறுவதில்லை. இந்த வரலாற்றின் உயிர்நாடியே அந்த நிபந்தனைகளில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அவற்றைச் சுற்றியே அமைந்துள்ளன.

1914க்கு முன்பு பிரிட்டன் பெண்கள் கூலி வேலைக்குப் போகவே இல்லையா?

தாராளமாகப் போனார்கள். 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 54 இலட்சம் பெண்கள் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் வசதி படைத்தவர்களின் வீடுகளில் சமையல், துப்புரவு, பணிவிடை ஆகியவற்றைச் செய்துவந்தவர்கள். லங்காஷயரின் பருத்தி ஆலைகளில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் தறி ஓட்டினார்கள். தையல், சலவை, கடை வேலை, பள்ளி ஆசிரியப் பணி ஆகியவற்றிலும் இருந்தார்கள். இவர்களில் பெரும்பாலோர் மணமாகாதவர்கள். மணமான பெண்களில் பத்தில் ஒருவர் மட்டுமே வெளியே சென்று சம்பாதித்ததாகக் கணக்கெடுப்பு காட்டுகிறது. இந்தப் பத்தில் ஒன்று என்ற கணக்கை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, பின்னால் தேவைப்படும்.

போர் அறிவிக்கப்பட்ட உடனேயே பெண்களுக்கு வேலை பெருகியதா?

இல்லை. 1914 ஆகஸ்டில் முதலில் வந்தது வேலையிழப்புதான். செல்வர்கள் புதிய ஆடைகளுக்குச் செலவிடுவதை நிறுத்தியதால் தையற்கடைகள் ஆட்களை அனுப்பிவிட்டன. பருத்தி ஏற்றுமதியும் தடுமாறியது. தொழிற்சங்கத் தலைவர் மேரி மெக்கார்தர் முன்னின்று நடத்திய நிவாரணத் தையற்கூடங்கள் அந்த முதல் மாதங்களில்தான் தோன்றின. படையில் சேர இலட்சக்கணக்கான ஆண்கள் கிளம்பிப் போனதும், 1915 வசந்தத்தில் போர்முனையில் பீரங்கிக் குண்டுகளுக்குத் தட்டுப்பாடு வெடித்ததும், 1916 ஜனவரியில் ஆண்களுக்குக் கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டம் வந்ததும் சேர்ந்தே நிலைமையைப் புரட்டிப்போட்டன. வீட்டுப் பணியாளர்களையும் சேர்த்து, 1914 ஜூலையில் ஏறத்தாழ 59 இலட்சமாக இருந்த உழைக்கும் பெண்களின் எண்ணிக்கை 1918 ஜூலையில் 73 இலட்சத்தை எட்டியது.

எண்ணிக்கை கூடியதை விட, வேலை இடம் மாறியதுதான் பெரிய செய்தி. வீட்டு வேலையை உதறிவிட்டு ஆலைக்கும் அலுவலகத்துக்கும் பேருந்துப் பணிமனைக்கும் போனவர்கள் ஏராளம். போக்குவரத்துத் துறையில் மட்டும் சுமார் 18,000 ஆக இருந்த பெண்களின் எண்ணிக்கை 1,17,000 ஆக உயர்ந்தது.

ஆண்களின் தொழிற்சங்கங்கள் அதை எப்படி ஏற்றுக்கொண்டன?

நிபந்தனையோடு ஏற்றுக்கொண்டன. பொறியியல் ஆலைகளில் லேத் என்னும் கடைசல் எந்திரத்தை ஓட்டும் தேர்ச்சி பெற்ற தொழிலாளி ஆண்டுக்கணக்கில் பயிற்சி முடித்து அந்த இடத்துக்கு வந்தவர். அவர் செய்த முழு வேலையைப் பல சிறு செயல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சில வாரப் பயிற்சி பெற்ற ஒருவரிடம் ஒப்படைக்கலாம் என்று முதலாளிகளும் அரசும் முடிவெடுத்தபோது, தங்கள் கூலி நிரந்தரமாகச் சரிந்துவிடும் என்று சங்கங்கள் அஞ்சின. அந்த அச்சம் வீண் அச்சமன்று. 1915 மார்ச்சில் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் சங்கங்களோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். போர்க்காலத்தில் வேலைநிறுத்தம் இல்லை, பெண்களையும் தேர்ச்சி இல்லாதவர்களையும் அமர்த்தத் தடையில்லை. அதற்கு ஈடாக, போர் முடிந்ததும் பழைய வழக்கங்கள் அப்படியே திரும்பிவிடும் என்பது அதன் சாரம்.

பெண்களுக்குக் கிடைத்த புதிய வேலையில் பெரும்பகுதி இரவலாகவே கிடைத்தது என்பதற்கு இந்த உடன்பாட்டை விடத் தெளிவான சான்று தேவையில்லை. பேச்சுவார்த்தை மேசையில் அரசு இருந்தது, ஆண்களின் சங்கங்கள் இருந்தன. இரவல் வேலைக்குப் போகவிருந்த பெண்களுக்கு அங்கே நாற்காலி இல்லை.

வெடிமருந்து ஆலைகளில் வேலை உண்மையில் எப்படி இருந்தது?

போர் முடியும் தறுவாயில் ஏறத்தாழ 9,50,000 பெண்கள் ஆயுத உற்பத்தித் தொழில்களில் இருந்தார்கள். லண்டனின் வூலிச் ஆயுதச்சாலையில் மட்டும் 25,000க்கும் மேற்பட்டோர். ஸ்காட்லாந்து எல்லையில் இருந்த கிரெட்னா ஆலை ஏறத்தாழ ஒன்பது மைல் நீளத்துக்குப் பரவிக் கிடந்தது. அங்கே நைட்ரோகிளிசரினையும் வெடிபஞ்சையும் தொட்டிகளில் இட்டுக் கையால் பிசைந்து, குண்டுகளைச் செலுத்தும் வெடிமருந்தான கார்டைட் தயாரிப்பதற்கான கூழை ஆக்கியவர்கள் இளம் பெண்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த எழுத்தாளர் ஆர்தர் கானன் டாயில், அந்தக் கலவையைச் சாத்தானின் கஞ்சி என்று வருணித்தார்.

குண்டுகளுக்கு மருந்து நிரப்பும் ஆலைகளின் அன்றாடத்தைச் சற்று அருகில் போய்ப் பார்ப்போம். வாசலிலேயே சோதனை. தீக்குச்சி, சிகரெட் மட்டுமன்றி கொண்டை ஊசி, மோதிரம், உலோகக் கொக்கி வைத்த உள்ளாடை எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. ஓர் உலோகத் துண்டு எழுப்பும் பொறி போதும், கட்டடமே போய்விடும். சொந்த உடையைக் கழற்றி வைத்துவிட்டு ஆலை அங்கியும் தொப்பியும் அணிந்து, தனியாக வைக்கப்பட்ட காலணிகளை மாட்டிக்கொண்டுதான் மருந்துப் பகுதிக்குள் நுழைய வேண்டும். டி.என்.டி. என்ற வெடிபொருளின் தூள் தோலில் ஏறி முகமும் கையும் மஞ்சளாகும், நெற்றியோர முடி செம்பட்டையாகும். ஊரார் இவர்களை மஞ்சள் குருவிகள் என்று பெயரிட்டு அழைத்தார்கள். நிறம் மாறுவதோடு அது நிற்கவில்லை. நஞ்சு கல்லீரலைத் தாக்கி நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். லீட்ஸுக்கு அருகிலிருந்த பார்ன்பௌ ஆலையில் நஞ்சை முறிக்கும் என்ற நம்பிக்கையில் தொழிலாளர்களுக்குத் தாராளமாகப் பால் கொடுத்தார்கள். அதற்காக ஆலைக்கென்றே மாட்டுப் பண்ணை இருந்தது.

அதே பார்ன்பௌவில் 1916 டிசம்பர் 5 இரவு, வேலை முறை (ஷிப்ட்) மாறிய சற்று நேரத்தில், ஓர் அறையில் குண்டு வெடித்து 35 பெண்கள் மாண்டார்கள். கழுத்தில் அணிந்திருந்த அடையாளத் தகட்டைக் கொண்டே பலரை இன்னாரென்று அறிய முடிந்தது. தணிக்கை காரணமாக இது எங்கே நடந்தது என்று நாளேடுகள் அப்போது எழுதவில்லை. சில மணி நேரத்துக்குள் அதே அறையில் வேலை செய்ய வேறு பெண்கள் முன்வந்தார்கள். 1917 ஜனவரியில் கிழக்கு லண்டனின் சில்வர்டவுனில் 73 பேரும், 1918 ஜூலையில் நாட்டிங்ஹாமை அடுத்த சில்வெல்லில் 134 பேரும் ஆலை வெடிப்புகளில் இறந்தார்கள். இவ்விரண்டிலும் ஆண்களும் உண்டு. போர்முனைக்குப் போகாமலே போரில் இறந்தவர்கள் இவர்கள்.

ஆண்களுக்கு இணையான கூலி கிடைத்ததா?

காகிதத்தில் ஓரளவு, கையில் அரிதாக. மேரி மெக்கார்தரின் பெண் தொழிலாளர் கூட்டமைப்பு விடாமல் வற்புறுத்தியதன் பேரில், ஆண்கள் செய்துவந்த வேலையில் அமர்த்தப்படும் பெண்ணுக்கு வாரம் ஒரு பவுன் (பிரிட்டிஷ் நாணயம், 20 ஷில்லிங்) என்று 1915 அக்டோபரில் ஆயுத அமைச்சகம் சுற்றறிக்கை விட்டது. உருப்படிக் கணக்கில் கூலி என்றால் ஆணுக்குரிய அதே விகிதம் என்றும் அது சொன்னது. வீட்டு வேலையிலிருந்து வந்த பெண்ணுக்கு ஒரு பவுன் பெரிய தொகைதான். ஆனால் எந்திரத்தைச் சீரமைத்துக் கொடுக்க ஓர் ஆண் அருகில் இருக்கிறார், ஆகவே இந்தப் பெண் முழு வேலையையும் செய்யவில்லை என்று முதலாளிகள் வாதிட்டு, இணைக் கூலியைத் தட்டிக் கழித்தார்கள். இந்த வாதத்தை இரண்டாம் போரிலும் நாம் மீண்டும் சந்திப்போம்.

1918 ஆகஸ்டில் லண்டன் பேருந்து, டிராம் நடத்துநர்களான பெண்கள் பொறுமை இழந்தார்கள். ஆண்களுக்கு வாரம் 5 ஷில்லிங் போர்க்கால போனஸ் அறிவிக்கப்பட்டு, அதே வண்டியில் அதே சீட்டைக் கிழித்துக் கொடுத்த பெண்களுக்கு மறுக்கப்பட்டதும், வில்ஸ்டன் பணிமனையில் தொடங்கிய வேலைநிறுத்தம் லண்டன் முழுதும் பரவி, பிரைட்டன், பாத், பிரிஸ்டல் வரை சென்றது. போனஸ் கிடைத்தது. பெண்களின் கூலியை ஆராய அரசு அமைத்த குழுவில் சமூக ஆய்வாளர் பியாட்ரிஸ் வெப் மற்றவர்களோடு உடன்படாமல் தனி அறிக்கை எழுதினார். வேலைக்குத்தான் கூலி, வேலை செய்பவர் ஆணா பெண்ணா என்பதற்கன்று என்ற அவரது வாதம் 1919இலேயே அச்சாகிவிட்டது. சட்டமாவதற்கு இன்னும் அரை நூற்றாண்டு பிடித்தது.

வாக்குரிமை, போர்ச் சேவைக்குக் கிடைத்த பரிசு தானே?

அப்படிச் சொல்வது பாதி உண்மை கூட ஆகாது. 1918 பிப்ரவரி 6 அன்று நிறைவேறிய சட்டம் 30 வயது நிரம்பிய, தாமோ கணவரோ வீட்டுரிமையாளராகவோ குறிப்பிட்ட வாடகைதாரராகவோ இருக்கும் பெண்களுக்கும், அந்த வயதுடைய பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கும் வாக்குரிமை அளித்தது. மொத்தம் சுமார் 84 இலட்சம் பேர். வெடிமருந்து ஆலைகளில் மஞ்சளாகிப் போனவர்களோ பெரும்பாலும் இருபது வயதையொட்டிய, சொத்தில்லாத இளம் பெண்கள். சேவைக்கான பரிசு என்றால் அது போய்ச் சேர்ந்திருக்க வேண்டியவர்கள் அவர்கள்தாம், அவர்களோ விடுபட்டார்கள். ஆண்களுக்கு 21 வயது போதும் என்றும் போரில் பணிபுரிந்தவருக்கு 19 போதும் என்றும் அதே சட்டம் கூறியது.

போர் செய்தது வேறொன்று. ஓரிடத்தில் தொடர்ந்து குடியிருந்தால்தான் ஓட்டு என்ற பழைய விதியின்படி, போர்முனைக்குச் சென்ற ஆண்களே வாக்கை இழக்கும் நிலை வந்தது. வாக்காளர் பட்டியலைத் திருத்தாமல் தேர்தல் நடத்த முடியாது என்றானபோது, பெண்களின் கோரிக்கையை ஒதுக்கிவைத்துவிட்டு அதைச் செய்யவும் முடியவில்லை. ஏனென்றால் பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட 1866ஆம் ஆண்டு மனுவிலிருந்து ஐம்பது ஆண்டுகளாக அந்தக் கோரிக்கையை உயிரோடு வைத்திருந்த இயக்கங்கள் இருந்தன. மில்லிசெண்ட் ஃபாசெட் தலைமையிலான வாக்குரிமைச் சங்கத்தில் மட்டும் போருக்கு முன்பு 50,000 உறுப்பினர்களுக்கு மேல். 1917 ஜூனில் மக்களவை 385க்கு 55 என்ற வாக்குகளில் இதை ஏற்றது. ஆணுக்கு நிகரான 21 வயது வாக்குரிமை 1928 ஜூலையில்தான் வந்தது; அதோடு பெண் வாக்காளர்களே பெரும்பான்மையானார்கள், 30 வயது என்ற கட்டுப்பாட்டை 1918இல் வைத்ததற்கும் இந்த எண்ணிக்கை அச்சமே காரணம்.

சென்னை மாகாணத்துக்கும் இலங்கைக்கும் இதனால் ஏதாவது பலன் இருந்ததா?

தொடர்பு உண்டு. 1917 டிசம்பரில் இந்தியா வந்திருந்த அமைச்சர் மாண்டேகுவைச் சென்னையில் சரோஜினி நாயுடு தலைமையிலான பெண்கள் குழு சந்தித்து வாக்குரிமை கேட்டது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1919ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதை மாகாணச் சபைகளின் முடிவுக்கு விட்டுவிட, 1921இல் முதலில் வழங்கிய மாகாணம் சென்னை; ஆனால் சொத்துத் தகுதி இருந்ததால் மிகச் சிலரே பயன்பெற்றார்கள். இலங்கையிலோ பிரிட்டிஷ் ஆட்சி கொண்டுவந்த டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931இல் 21 வயது நிரம்பிய ஆண் பெண் அனைவருக்கும் வாக்கு வந்தது. பிரிட்டனில் முழு உரிமை வந்து அப்போது மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன.

1918க்குப் பிறகு அந்த வேலைகள் என்னவாயின?

1915இல் சங்கங்களுக்கு உறுதி கொடுத்தபடி திருப்பி எடுத்துக்கொள்ளப்பட்டன. போர் நின்ற சில நாட்களுக்குள்ளேயே ஆட்குறைப்பு தொடங்கியதால், 1918 நவம்பரில் ஆயிரக்கணக்கான வூலிச் பெண்கள் நாடாளுமன்றம் நோக்கிப் பேரணியாகச் சென்றார்கள். 1915 உடன்பாட்டை நிறைவேற்றும் சட்டம் 1919இல் வந்தது. வேலையிழந்த பெண் உதவித்தொகை கேட்டு வந்தால் வீட்டு வேலை காலியாக இருக்கிறது, போ என்றார்கள்; மறுத்தால் தொகை நின்றது. நேற்று வீராங்கனை என்று புகழ்ந்த அதே நாளேடுகள், ஆண்களின் பிழைப்பைப் பறிப்பவள் என்று அவளைத் தூற்றின. இதைப் படிக்கும்போது எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது. 1921 கணக்கெடுப்பில் சம்பாதிக்கும் பெண்களின் விகிதம் 1911ஐ விடச் சற்றுக் குறைவாகவே இருந்தது.

கால்பந்தில் கூட இதுவே நடந்தது. பிரெஸ்டன் நகர ஆலைப் பெண்களின் டிக், கெர் அணி 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலில் ஆடியபோது 53,000 பேர் திரண்டார்கள். அடுத்த ஆண்டு டிசம்பர் 5 அன்று ஆங்கிலேயக் கால்பந்துச் சங்கம், தன் உறுப்பு அணிகளின் மைதானங்களில் பெண்கள் ஆடுவதைத் தடைசெய்தது. அத்தடை சுமார் ஐம்பது ஆண்டுகள் நீடித்தது.

அப்படியானால் முதல் போர் எதையும் மாற்றவில்லையா?

மாற்றியது. 1919 டிசம்பரில் வந்த சட்டத்தால் வழக்கறிஞர், நீதிபதி, ஜூரி பணிகள் திறந்தன. 1922இல் ஐவி வில்லியம்ஸ் இங்கிலாந்தின் முதல் பெண் பாரிஸ்டர் ஆனார். எழுத்தர், தட்டச்சர் பணிகள் பெண்களின் கையிலேயே தங்கின. தெற்கிலும் மத்தியிலும் முளைத்த மின்சாதன, உணவு ஆலைகள் இளம் பெண்களை எடுத்துக்கொண்டன. ஆனால் ஆசிரியை, அரசு ஊழியர், வங்கி எழுத்தர் எவரானாலும் திருமணம் ஆனதும் வேலையை விட்டுவிட வேண்டும் என்ற விதி இக்காலத்தில் இன்னும் இறுகியது. 1931இலும் மணமான பெண்களில் பத்தில் ஒருவரே வேலையில் இருந்தார்.

இரண்டாம் போரில் என்ன வேறுபாடு?

இம்முறை அரசு பெண்களைக் கேட்டுக்கொள்ளவில்லை, சட்டம் போட்டு அழைத்தது. தொழிலாளர் அமைச்சர் எர்னஸ்ட் பெவின் 1941 வசந்தத்தில் பெண்கள் பெயர் பதிவதைக் கட்டாயமாக்கினார். 1941 டிசம்பர் 18ஆம் நாள் சட்டம், 20 முதல் 30 வயது வரையிலான மணமாகாத பெண்களையும் பிள்ளையில்லாத கைம்பெண்களையும் கட்டாயச் சேவைக்கு உட்படுத்தியது. துணைப்படை, குடிமைப் பாதுகாப்பு, தொழில் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். எழுத்துமூலம் சம்மதிக்காத பெண்ணை உயிர்க்கொல்லி ஆயுதத்தை இயக்கச் சொல்லக் கூடாது என்றும் விதி இருந்தது. நாட்டின் எந்த மூலைக்கும் அனுப்பத் தக்கவர், வீட்டை விட்டு நகர்த்த முடியாதவர் என்று பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள்; படைவீரரின் மனைவி இரண்டாம் வகை. பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளை உடனிருந்த தாய்க்கு விலக்கு.

ராணுவ, கடற்படை, விமானப்படைத் துணைப்படைகளில் 1943 வாக்கில் 4,50,000க்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். விமான எதிர்ப்புப் பீரங்கி நிலையங்களில் எதிரி விமானத்தின் உயரத்தையும் தொலைவையும் கணித்துக் குறியை நிர்ணயித்தவர்கள் பெண்கள். பீரங்கியை வெடிக்கச் செய்வது மட்டும் ஆண்களுக்கென ஒதுக்கப்பட்டது. புதிய போர் விமானங்களை ஆலையிலிருந்து தளத்துக்கு ஓட்டிச் சென்ற அமைப்பில் 160க்கும் மேற்பட்ட பெண் விமானிகள் இருந்தார்கள். 1943இல் அவர்களுக்கு ஆண் விமானிகளுக்கு நிகரான ஊதியம் வந்தது, அக்காலத்தில் அது அபூர்வம். பிளெட்ச்லி பார்க்கில் எதிரியின் மறைகுறிகளை உடைத்த பணியாளர்களில் நான்கில் மூவர் பெண்கள். இந்திய வம்சாவளியினரான நூர் இனாயத் கான் மகளிர் விமானப்படையிலிருந்து உளவுப் பணிக்குச் சென்று, பாரிஸில் வானொலி இயக்குநராக இருந்து பிடிபட்டு, 1944 செப்டம்பரில் நாஜிகளின் டாகாவ் வதைமுகாமில் கொல்லப்பட்டார்.

பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள்?

பாட்டிகளும் அண்டை வீட்டாரும்தான் பெரும்பாலும். 1944 வாக்கில் அரசு உதவியோடு ஏறத்தாழ 1,500 போர்க்காலக் காப்பகங்கள் இயங்கின. தேவையோடு ஒப்பிட்டால் அது போதாது. கடைகள் மூடுமுன் பங்கீட்டு வரிசையில் நிற்கவும் வேண்டும், ஆலை முறைக்கும் போக வேண்டும் என்ற இக்கட்டிலிருந்து பகுதிநேர வேலை என்ற ஏற்பாடு வளர்ந்தது. சுமார் 9 இலட்சம் பெண்கள் அப்படி உழைத்தார்கள். மணமான பெண்ணுக்கு வேலையே கூடாது என்றிருந்த முதலாளிகள், அவளுடைய நேரத்துக்கேற்ப வேலையை அமைக்கக் கற்றுக்கொண்டது இப்போதுதான். போர் விட்டுச்சென்ற மாற்றங்களில் நீடித்தது இதுவே என்று நான் கருதுகிறேன்.

இரண்டாம் போரில் சம ஊதியக் கோரிக்கை எந்த அளவு முன்னேறியது?

1940 மே மாதம் பொறியியல் துறையில் ஓர் உடன்பாடு எட்டப்பட்டது. 32 வாரங்களுக்குப் பிறகு, கூடுதல் மேற்பார்வையோ உதவியோ இன்றி ஓர் ஆணின் வேலையைச் செய்யும் பெண்ணுக்கு முழுக் கூலி. அந்த ஒரு நிபந்தனைதான் பழைய தந்திரத்தின் மறுபிறப்பு: ஓர் ஆண் அவ்வப்போது வந்து கருவியைச் சரிசெய்தால் போதும், முழுக் கூலி தேவையில்லை. 1943 இலையுதிர்காலத்தில் கிளாஸ்கோ அருகே ஹில்லிங்டனில் இருந்த ரோல்ஸ்-ராய்ஸ் ஆலையில் சுமார் 16,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆண்களும் உடன் நின்றார்கள். ஆலையிலுள்ள ஒவ்வொரு எந்திரத்தையும் பட்டியலிட்டு, யார் இயக்கினாலும் அந்த எந்திரத்துக்கு இன்ன கூலி என்று வகுத்த பின்னரே தீர்வு வந்தது. அதுவரை பெண்களைச் சேர்க்காத பொறியாளர் சங்கமும் அந்த ஆண்டில்தான் தன் கதவைத் திறந்திருந்தது.

குண்டுவீச்சில் காயமடைந்தால் கிடைக்கும் இழப்பீடு கூடப் பெண்ணுக்குக் குறைவாகவே இருந்தது. மேவிஸ் டேட், ஈடித் சம்மர்ஸ்கில் ஆகிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி எல்லையைக் கடந்து போராடி 1943இல் அதைச் சமமாக்கினார்கள். 1944 மார்ச் 28 அன்று, ஆசிரியைகளுக்குச் சம ஊதியம் கோரி உறுப்பினர் தெல்மா கசாலெட்-கெய்ர் கல்வி மசோதாவில் கொண்டுவந்த திருத்தம் 117க்கு 116 என்று ஒரே வாக்கில் வென்றது. பிரதமர் சர்ச்சில் அதைத் தம் அரசின் மீதான நம்பிக்கை வாக்கெடுப்பாக மாற்றினார். இரண்டே நாளில் 425க்கு 23 என்று அது புரட்டப்பட்டது. போர் நடக்கும்போது அரசைக் கவிழ்க்க யாரும் விரும்பமாட்டார்கள் என்று தெரிந்தே செய்த காரியம் அது.

1945க்குப் பிறகு எல்லாரும் வீடு திரும்பினார்களா?

பலர் திரும்பினார்கள், விரும்பித் திரும்பியவர்களும் உண்டு. காப்பகங்களுக்கான அரசு உதவி குறைக்கப்பட்டது. ஆனால் 1947இல் ஏற்றுமதித் தொழில்களுக்கு ஆள் போதாமல் அதே அரசு பெண்களை மீண்டும் வேலைக்கு அழைத்து விளம்பரம் செய்ய நேர்ந்தது. திருமணத் தடை ஆசிரியைகளுக்கு 1944லும் அரசு ஊழியர்களுக்கு 1946லும் நீங்கியது. நாடாளுமன்ற உறுப்பினர் எலினோர் ராத்போன் கால் நூற்றாண்டாக வாதாடிய குடும்ப உதவித்தொகை 1946 ஆகஸ்ட் முதல், இரண்டாவது பிள்ளையிலிருந்து வாரம் 5 ஷில்லிங்காக, தாயின் கையிலேயே கொடுக்கப்பட்டது. தந்தைக்கே கொடுக்கலாம் என்றுதான் மசோதாவில் முதலில் எழுதியிருந்தார்கள். 1951 கணக்கெடுப்பில் மணமான பெண்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் வேலையில் இருந்தார்கள். பத்தில் ஒன்று என்ற பழைய கணக்கு இரட்டித்திருந்தது.

சம ஊதியம் சட்டமானது எப்போது?

அரசு ஊழியர்களுக்கும் ஆசிரியைகளுக்கும் 1955இல் முடிவெடுக்கப்பட்டு, படிப்படியாக 1961இல் முழுமை பெற்றது. தனியார் ஆலைகள் காத்திருந்தன. 1968 ஜூனில் டேகன்ஹாமின் ஃபோர்டு ஆலையில் கார் இருக்கைகளுக்கு உறை தைத்த 187 பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். தங்கள் தையலைத் தேர்ச்சி தேவைப்படாத வேலை என்று நிர்வாகம் தரம் பிரித்ததே அவர்களின் முதல் புகார். அமைச்சர் பார்பரா காசில் தலையிட்டு, அதே தரத்திலுள்ள ஆணின் கூலியில் 92 விழுக்காடு வாங்கித் தந்தார். 1970இல் சம ஊதியச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அது 1975 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் தரம் பற்றிய புகார் அப்படியே நின்றது. தையல் தேர்ச்சி பெற்ற வேலைதான் என்பதை அந்த ஆலை ஒப்புக்கொண்டது இன்னொரு வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 1984இல்.